முகமும் குரலும்: கீஸ்லோவ்ஸ்கியின் மாணவப் படங்கள் இரண்டு

போலந்து நாட்டு வூச் நகரத்தில் ஒரு திரைப்படப் பள்ளி உண்டு. எழுத்தைப் பார்த்துப் படிப்போர் அந்நகரை லோட்ஸ் என்பர். அப்பள்ளியின் நுழைவுத் தேர்வின்போது இளைஞர் ஒருவரிடம், வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் யாவை என்று தேர்வுக் குழுவினர் வினவினர். டிராம் வண்டி, பேருந்து, விமானம் என்று அவர் அடுக்கினார். போலந்து மொழியில் தொடர்பைச் சுட்டும் சொல்லே போக்குவரத்தையும் சுட்டும். இளைஞரோ உண்மையாகவே அப்படித்தான் பொருள்கொண்டிருந்தார். தேர்வாளர்கள் அதனைக் கூர்மையான கிண்டல் என்று எண்ணியிருக்கக் கூடும் என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அதற்கு முன் இருமுறை தோற்றுத் திரும்பிய அவருக்கு 1964ஆம் ஆண்டில் இடம் கிடைத்தது. அவர் பெயர் கிரிஸ்தோப் கீஸ்லோவ்ஸ்கி.

இரண்டாம் வத்திக்கான் சங்கம், சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றிய தன் ஆணையேட்டை 1963 டிசம்பர் 4ஆம் நாள்தான் வெளியிட்டிருந்தது. திருவழிபாட்டைப் பற்றிய கொள்கைத் திரட்டும் அதே நாளில் வெளிவந்தது. இவ்விரண்டும் ஒரே நாளில் பிறந்ததை நம்மில் பலர் கவனிப்பதில்லை. கண்ணுக்கும் செவிக்கும் உரியவற்றைக் கொண்டு மனித உள்ளத்தைத் தொடுவது இரண்டுக்கும் பொதுவான பணி. அதில் உள்ள ஆபத்தும் பொதுவானதே. இதனைப் பின்னர் காண்போம்.

கீஸ்லோவ்ஸ்கியை நம் வாசகர்களில் பலர் பத்துக் கட்டளைகளைப் பின்புலமாகக் கொண்ட ‘தெக்கலோக்’ படவரிசையால் அறிவர். 1988இல் எடுக்கப்பட்ட இவ்வரிசை, ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும் பத்துப் படங்களைக் கொண்டது. திரைப்படம் தோன்றி நூறாண்டு நிறைந்ததையொட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில், மனித மதிப்பீடுகளைப் போற்றும் படங்களின் வரிசையில் இதுவும் இடம்பெற்றது. இத்தனைக்கும் அவர் திருச்சபையோடு நெருங்கிய உறவு கொண்டவர் அல்லர். ஆயினும் இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அப்பெரும் படைப்பை அன்று. 1966ஆம் ஆண்டில் மாணவராக இருந்தபோது அவர் எடுத்த இரண்டு சிறு படங்களை. ஒன்று ‘டிராம்’, மற்றொன்று ‘அலுவலகம்’. இரண்டும் தனித்தனியே ஆறு நிமிட அளவினவே. கறுப்பு வெள்ளையில் அமைந்தவை. கேமராவையும் ஒலியையும் கொண்டு பார்வையாளரிடம் ஒரு மனநிலையை உண்டாக்க ஒரு மாணவர் எவ்வாறு கற்கிறார் என்பதை இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்போர் கண்கூடாகக் காணலாம். கற்ற வித்தைக்கு அவர் எவ்வளவு விலை கொடுக்க நேர்ந்தது என்பதை உணர அவருடைய பிற்காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திறனாய்வாளர்கள் பெரும்பாலும் முன்னதோடு நின்றுவிடுகின்றனர்.

அவருடைய தந்தை காசநோயாளி. ஒரு நலவாழ்வு இல்லத்திலிருந்து மற்றொன்றுக்கு அவர் மாற மாற, குடும்பமும் ஊர் ஊராக மாறியது. சோகோவோவ்ஸ்கோ என்னும் சிற்றூரில் இருந்தபோது, படம் பார்க்கக் காசில்லாத சிறுவர்கள் திரையிடும் மண்டபத்தின் கூரைமேல் ஏறிக் காற்றுப்போக்கியின் வழியாக எட்டிப் பார்ப்பார்களாம். அங்கிருந்து திரையின் ஒரு சிறு துண்டு மட்டுமே தெரியும். ஒரு நடிகரின் கையோ காலோ தலையோ அத்துண்டுக்குள் வந்து போகும். எஞ்சியதை அவர்களே ஊகித்துக்கொள்ள வேண்டும். ஒருவருடைய கலையைச் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றால் முழுவதும் விளக்கிவிட முயலும் போக்கில் நமக்கு உடன்பாடு இல்லை. எனினும் ‘டிராம்’ படத்தைக் காணும்போது அந்தக் கூரை நினைவுக்கு வராமல் போவதில்லை.

‘டிராம்’ ஒலியே இல்லாத படம். இசையும் இல்லை, பேச்சும் இல்லை. இரவில் ஒரு விருந்திலிருந்து ஓர் இளைஞன் வெளியே வருகிறான். ஓடிச்சென்று டிராம் வண்டியைப் பிடிக்கிறான். வண்டியில் ஒரு சிலரே உள்ளனர். அவர்களுள் ஒரு பெண். அவளைச் சிரிக்க வைக்க இவன் முயல்கிறான். பிறகு அவள் உறங்கிவிடுகிறாள். தன் நிறுத்தத்தில் அவன் இறங்கிவிடுகிறான். இறங்கிய பின் மனம் மாறி, முதலில் ஓடியது போலவே மீண்டும் வண்டியின் பின்னால் ஓடுகிறான். கதை இவ்வளவே. எழுதிக் காட்டினால் கால் பக்கத்தைத் தாண்டாது.

ஒலியில்லாமல் படமெடுக்கும் பயிற்சி, மாணவரிடமிருந்து ஊன்றுகோல் ஒன்றைப் பறித்துக்கொள்கிறது. இசையிருந்தால் பெண் சிரிக்கும் இடத்தில் ஒரு புல்லாங்குழல், அவள் உறங்கும் இடத்தில் ஒரு தாலாட்டு என்று வைத்து வேலையை முடித்துவிடலாம். அவ்வழி அடைக்கப்பட்டபோது கீஸ்லோவ்ஸ்கியிடம் எஞ்சியவை மூன்று: வெளிச்சம், தூரம், நேரம். வெளியே இரவு, உள்ளே விளக்கு. வெளிச்சத்திற்குள் இருப்போர் வெளியே இருப்பதைக் காண இயலாது. வெளியே நிற்பவனுக்கோ உள்ளே இருக்கும் முகம் படம் போலத் தெரியும். இந்த எளிய இயற்பியலைக் கொண்டே அவர் ஏக்கத்தை உண்டாக்கிவிடுகிறார். வண்டிக்குள் இருவரும் எதிரெதிரே இருக்கும்வரை அவனுடைய சேட்டைகள் நமக்கு வேடிக்கையாக உள்ளன. அவன் இறங்கியதும் நடுவில் ஒரு கண்ணாடி வந்துவிடுகிறது. அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை, உறங்குகிறாள். ஆனால் நாம் அதே முகத்தை இப்போது வேறு விதமாகப் பார்க்கிறோம். முகத்தை மாற்றாமல், பார்க்கும் இடத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பவரின் மனநிலையை மாற்றுவது கேமராவின் முதற்பாடம் எனலாம்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். பெண் உறங்கத் தொடங்கும் கணத்தை இளம் இயக்குநர் அவசரப்பட்டு வெட்டவில்லை. ஒரு மனிதர் விழிப்பிலிருந்து உறக்கத்திற்குச் சரியும் அந்தச் சில நொடிகளை இளைஞன் எப்படிப் பொறுமையோடு பார்க்கிறானோ, அப்படியே நாமும் பார்க்க விடுகிறார். ஒலி இல்லாத படத்தில் டிராம் வண்டியின் ஓசை நம் காதில் கேட்பதாக ஒரு மயக்கம் உண்டாகிறது. நம் நினைவிலுள்ள ஓசையை நாமே எடுத்து அதில் நிரப்பிவிடுகிறோம் போலும்.

குறையும் உண்டு. இளைஞனின் நடிப்பு ஆங்காங்கே மிகையாக உள்ளது. ஒலி இல்லாததை ஈடுசெய்ய வேண்டும் என்ற அச்சம் நடிகருக்கு இருந்திருக்கலாம். பெண்ணுக்கோ பார்க்கப்படுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அவள் களைப்பின் காரணம் யாது, எங்கிருந்து வருகிறாள் என்று படம் கேட்கவில்லை. உறங்கும் ஒருவரை அவர் அறியாமல் பார்த்துக்கொண்டிருப்பது சரியா என்ற கேள்வி இப்படத்தில் எழவே இல்லை. இருபத்தைந்து வயது மாணவரிடம் அதனை எதிர்பார்ப்பது நியாயமும் அன்று. ஆயினும் அக்கேள்வி அவரை விடவில்லை.

இனி ‘அலுவலகம்’. இது ஆவணப்படம். நடிகர்கள் இல்லை. அரசுக் காப்புறுதி அலுவலகம் ஒன்றில் ஓய்வூதியத்திற்கும் உதவித்தொகைக்கும் வந்து நிற்கும் முதியோரின் வரிசையே படம். ஒரு சன்னல். சன்னலுக்கு அப்பால் எழுத்தர்கள். இப்பால் தொப்பியும் தலைமுக்காடும் அணிந்த முகங்கள். கேமரா பெரும்பாலும் அந்தச் சன்னலை விட்டு நெடுந்தூரம் போவதில்லை. முகம், கை, தாள், மீண்டும் முகம்.

இப்படத்தில் ஒலி உண்டு. ஆனால் படத்தோடு ஒட்டாத ஒலி. குரல்கள் கேட்கின்றன, பேசும் வாயை நாம் காண்பதில்லை. ஒரு மூதாட்டியின் முகம் திரையில் இருக்கும்போது எழுத்தரின் குரல் வேறொருவரிடம் ஏதோ ஒரு தாளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. திரையில் தாளைப் புரட்டும் கை. செவியில் அதற்குத் தொடர்பில்லாத ஒரு மன்றாட்டு. இதனால் விளைவது என்ன? எந்தக் குரல் எந்த முகத்திற்கு உரியது என்று தேடித் தோற்கும் நம் மனம், சற்று நேரத்தில் தேடுவதையே நிறுத்திவிடுகிறது. எல்லாக் குரலும் எல்லா முகத்திற்கும் உரியதாகிவிடுகிறது. தனித்தனி மனிதர்களின் தனித்தனி முறையீடு கரைந்து, மூப்பும் வறுமையும் காத்திருத்தலும் கலந்த ஒரே பாரமாக நம்மேல் இறங்குகிறது. படத்தின் இறுதியில் மனிதர்கள் இல்லை. கோப்புகள் அடுக்கிய நெடிய அலமாரிகள் மட்டும் தெரிகின்றன. அவற்றின்மேல் அந்த எழுத்தரின் கேள்வி திரும்பத் திரும்ப ஒலிக்கிறது: வாழ்நாள் முழுவதும் என்னென்ன செய்தீர்கள் என்று இந்தத் தாளில் நிரப்ப வேண்டுமாம்.

ஓய்வூதியப் படிவத்தில் அது பணிக்காலத்தைக் கேட்கும் சாதாரணக் கேள்வி. திரையிலோ அது இறுதித் தீர்வை நாளின் கேள்வியாகிவிடுகிறது. கேள்வியில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. அதனைப் பேசிய வாயிலிருந்து பிரித்து, மனிதர் இல்லாத அலமாரியின்மேல் வைத்து, மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தது மட்டுமே மாணவர் செய்த வேலை. ஆறு நிமிடத்தில் இத்தகைய தாவலை நிகழ்த்திய மாணவப் படங்கள் மிகச் சிலவே என்பது நம் துணிபு. அன்றைய போலந்தில் அரசு இயந்திரத்தைப் பற்றி நேரடியாகப் பேச முடியாத நிலையில், ஒரு வார்த்தை விமர்சனமும் இன்றி அதனைப் பேச வைத்த துணிவும் பாராட்டுக்குரியதே.

ஆனால் இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டியுள்ளது.

அந்த எழுத்தர் யார்? அவருக்கும் ஒரு முகம் உண்டு, ஒரு குடும்பம் உண்டு. காலை முதல் மாலைவரை ஒரே கேள்வியைக் கேட்பது அவர் தொழில். படிவத்தில் அக்கேள்வியை அச்சிட்டவர் அவர் அல்லர். ஒருமுறை கேட்டதைப் பலமுறை ஒலிக்கச் செய்து, அவர் பேசாத இடத்தில் அவர் குரலை வைத்தால், பார்ப்போர் உள்ளத்தில் உருவாகும் அந்தக் கல்நெஞ்சப் பெண்மணி உண்மையில் இருந்தவர்தாமா? அல்லது படத்தொகுப்பு மேசையில் பிறந்தவரா? பிறருக்கு எதிராகப் பொய்ச் சான்று சொல்லாதிருப்பாயாக என்னும் எட்டாம் கட்டளையைப் பொய்யான சொற்களால் மட்டுமே மீற முடியும் என்று நாம் எண்ணிவந்திருக்கிறோம். உண்மையான முகத்தையும் உண்மையான குரலையும் எடுத்து, இரண்டையும் பிரித்து, வேறு விதமாக இணைத்தாலும் மீற முடியும் என்பதைத் திரைப்படக் கருவி உலகுக்குக் காட்டியது.

இவ்விடத்தில் நமக்கு எழுத்தரின் பக்கம் ஒரு சாய்வு இருப்பதை வாசகர் பொறுத்தருள்க. பங்கு அலுவலகத்து மேசையும் ஒரு கவுண்டர்தான். திருமுழுக்குச் சான்றுக்கும் ஓலை வாசிப்புக்கும் வருவோரிடம் பெயர், பிறந்த நாள், ஞானத்தாய் தந்தையர் பெயர் என்று ஒரே வரிசையில் கேட்டுப் பதிவேட்டில் எழுதும் பணி ஒவ்வொரு பங்குத்தந்தைக்கும் உண்டு. அந்தக் கேள்விகளை மட்டும் பதிவு செய்து, கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளின்மேல் ஓட்டினால், எந்தக் குருவும் அரக்கனாகத் தோன்றுவார். மேசைக்கு அப்பால் இருப்பவரின் களைப்பைக் காட்டாத படம் பாதி உண்மையையே காட்டுகிறது.

கீஸ்லோவ்ஸ்கி மிகவும் மதித்த ஆசிரியர் கசிமிர் கராபாஷ். அவருடைய ‘இசைஞர்கள்’ என்னும் 1960ஆம் ஆண்டு ஆவணப்படத்தைத் தமக்குப் பிடித்த படங்களுள் ஒன்றாக மாணவர் பின்னாளில் குறிப்பிட்டார். டிராம் தொழிலாளர்கள் வேலை முடிந்தபின் பித்தளைக் கருவிகளோடு கூடி இசைப் பயிற்சி செய்கின்றனர். வயது முதிர்ந்த நடத்துநர் தட்டி நிறுத்துகிறார், திருத்துகிறார், மீண்டும் தொடங்கச் செய்கிறார். விளக்கவுரை இல்லை. தொழிற்கூடத்தின் இரைச்சலும் பிறகு வரும் இசையும் ஒன்றையொன்று விளக்கிக்கொள்கின்றன. இதனையும் ‘அலுவலகம்’ படத்தையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். ஆசிரியர் ஒலிகளை அடுத்தடுத்து வைக்கிறார். இசை அதனை எழுப்பிய மனிதர்களிடமே இருக்கிறது. மாணவர் ஒலியை உரியவரிடமிருந்து கழற்றிவிடுகிறார். ஆசிரியர் படம் அமைதி தருகிறது, மாணவர் படம் உலுக்குகிறது. உலுக்குவதே உயர்ந்தது என்று எண்ணுவோருக்கு மாணவர் ஆசிரியரை வென்றதாகத் தோன்றும். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

கீஸ்லோவ்ஸ்கிக்கும் இந்த உறுத்தல் பிற்காலத்தில் இருந்தது என்பதற்கு அவர் வாழ்வே சான்று. 1977இல் ‘இரவுக் காவலாளியின் பார்வையில்’ என்னும் ஆவணப்படம் எடுத்தார். ஒழுங்கு, கண்காணிப்பு, தண்டனை ஆகியவற்றில் வெறிகொண்ட ஓர் ஆலைக் காவலாளியைப் பற்றியது அது. நிறங்களைத் திரித்துக் காட்டும் இயல்புடைய கிழக்கு ஜெர்மானிய ஓர்வோ படச்சுருளை அவரும் ஒளிப்பதிவாளரும் வேண்டுமென்றே தேர்ந்துகொண்டனர். அம்மனிதரின் திரிந்த உலகத்தை நிறத்தாலேயே உணர்த்துவது நோக்கம். உத்தி பலித்தது. ஆனால் தொலைக்காட்சியில் அதனை ஒளிபரப்ப முன்வந்தபோது இயக்குநரே இசையவில்லை. ஊரும் அண்டை அயலாரும் பார்த்தால் அக்காவலாளிக்குத் தீங்கு நேரும் என்று அஞ்சினார். அவர் வெறுத்தது அம்மனிதரின் கருத்துகளை, அம்மனிதரை அன்று.

1980இல் ‘நிலையம்’. வார்சா மத்திய இரயில் நிலையத்தில் பயணிகளைப் பாதி மறைவாக நின்று படம்பிடித்துக்கொண்டிருந்தனர். ஒருநாள் காவல்துறையினர் வந்து படச்சுருள்களை எடுத்துச் சென்றனர். தன் தாயைக் கொன்று உடலைப் பெட்டிகளில் அடைத்து, நிலையத்துப் பெட்டகத்தில் வைத்துச் சென்ற ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்களாம். அவள் படத்தில் இல்லை. சுருள்கள் திரும்பி வந்தன. ஆனால் கேமராவைச் சற்றே வேறு பக்கம் திருப்பியிருந்தால் தாம் அறியாமலே காவல்துறையின் கருவியாகியிருப்போம் என்ற எண்ணம் அவரை ஆட்கொண்டது. அதன்பின் ஆவணப்படத்தை அவர் ஏறக்குறைய கைவிட்டார். உண்மையான கண்ணீரைக் கண்டால் தமக்கு அச்சமாயிருக்கிறது, அதனைப் படம்பிடிக்கத் தமக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை, கிளிசரின் கண்ணீரே மேல் என்னும் பொருள்படப் பின்னர் கூறினார். நகைச்சுவை போலத் தோன்றும் இக்கூற்றில் ஒரு மனச்சான்றின் சோதனை அடங்கியிருக்கிறது. தேவாலயத்தில் ஒப்புரவு அருட்சாதனத் தொட்டியில் அமரும் எவருக்கும் இதன் கனம் புரியும்.

கதைப்படத்திற்கு மாறியபோது அவர் மாணவப் பருவத்து வித்தைகளை எறிந்துவிடவில்லை. ‘தெக்கலோக்’ முதற்படத்தில் கணினியை நம்பும் பேராசிரியர் ஒருவர் தம் சிறு மகனை உறைந்த குளத்தில் சறுக்கி விளையாட அனுப்புகிறார். பனிக்கட்டி தாங்கும் என்று கணக்குச் சொல்லியிருக்கிறது. அவர் மேசையில் மைக்கூடு கசிகிறது. நீல நிறம் தாள்களில் அடியிலிருந்து மெல்லப் பரவுகிறது. தீயணைப்பு வண்டியின் ஊதல் கேட்கிறது. ஒரு சிறுமி வாசலில் வந்து மகன் வீட்டில் இருக்கிறானா என்று கேட்டுச் செல்கிறாள். யாரும் மரணம் என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. தந்தைக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் தெரியாதது போல அவரோடு சேர்ந்து நாமும் கை கழுவிக்கொண்டு நிற்கிறோம். முதல் படத்தில் ஒலியில்லாமல் கற்ற பொறுமையும், இரண்டாம் படத்தில் ஒலியைப் பிரித்துக் கற்ற துணிவும் இங்கே ஒன்றாகிவிட்டன. இறுதியில் கட்டி முடியாத ஆலயத்தில் அத்தந்தை பீடத்தைக் கவிழ்க்க, மெழுகு சொட்டித் தேவ அன்னையின் திருவுருவத்தில் கண்ணீர்போல வழிகிறது. இது சற்று மிகை என்பாரும் உளர். அந்த மெழுகைச் சொட்ட வைத்தது அவருடைய சினமே ஆதலால் நாம் அதனை ஏற்கிறோம்.

‘நீலம்’ என்னும் 1993ஆம் ஆண்டுப் படத்தில் கணவனையும் குழந்தையையும் இழந்த பெண் ஒரு சர்க்கரைக் கட்டியைக் காபியில் தொட்டுப் பிடிக்கிறாள். அது காபியை உறிஞ்சி நிறம் மாறுகிறது. சுற்றியுள்ள உலகில் அவளுக்கு ஆர்வம் இல்லை என்பதை உணர்த்தும் அண்மைக் காட்சி அது. ஏறத்தாழ ஐந்து நொடியில் நனைய வேண்டும், எட்டு நொடியானால் பார்ப்போர் பொறுக்கமாட்டார் என்று கணக்கிட்டு, அதற்கேற்ற சர்க்கரைக் கட்டியைத் தேடும் வேலையை உதவியாளருக்குத் தந்திருந்தாராம். டிராமில் ஒரு பெண் உறங்கும் நேரத்தை அளந்த அதே கைதான் இது. அப்படத்தின் இறுதி இசையில் பாடப்படுவது அன்பைப் பற்றிப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதின்மூன்றாம் அதிகாரம், கிரேக்க மொழியில். நம் மக்கள் அதனை அறியாமலேயே அப்படத்தைப் பார்த்துவிடுகின்றனர்.

திருச்சபையும் ஒளியாலும் ஒலியாலும் மனநிலையை உருவாக்க அறிந்த தாய்தான். பெரிய வியாழன் திருப்பலியில் உன்னதங்களிலே கீதத்தோடு மணிகள் ஓய்ந்துவிடுகின்றன. பாஸ்காத் திருவிழிப்பில்தான் மீண்டும் ஒலிக்கின்றன. இடையில் மரக்கட்டையின் வறண்ட ஓசை. பழைய வழிபாட்டு முறையில் புனித வாரத்தின் இருள் வழிபாட்டின்போது முக்கோணத் தண்டில் எரியும் பதினைந்து மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக அணைத்து, கடைசித் திரியைப் பீடத்தின் பின்னால் மறைத்து, இருளில் பேரோசை எழுப்புவர். எந்தத் திரைப்படப் பள்ளியும் கற்பிக்கும் முன்னரே நம் முன்னோர் இதனைச் செய்தனர். ஆயினும் அங்கே யாருடைய முகமும் இரவல் வாங்கப்படவில்லை. இருளை அனைவரும் சேர்ந்தே ஏற்கின்றனர்; மணி ஏன் ஓய்ந்தது என்பது சபையில் உள்ள எல்லாருக்கும் தெரியும்.

இன்று நம் கத்தோலிக்கக் கல்லூரிகள் சிலவற்றில் காட்சித் தொடர்பியல் பயிலும் பிள்ளைகள் இருக்கின்றனர். நம் பங்குகளில் கையில் கேமரா இல்லாத இளைஞரைக் காண்பதே அரிது. முதியோர் இல்லத்திற்கும் ஆதரவற்றோர் விடுதிக்கும் நிதி திரட்ட அவர்கள் எடுத்துத் தரும் சிறு படங்களைத் தவக்காலத்தில் நாம் திரையிடுகிறோம். ஒரு பாட்டியின் சுருக்கம் விழுந்த முகம் அண்மைக் காட்சியில் வருகிறது. பின்னால் வயலின் அழுகிறது. இனிய குரலுடைய யாரோ ஒருவர், அந்தப் பாட்டி பேசுவது போலத் தன் பிள்ளைகள் தன்னைக் கைவிட்ட கதையைச் சொல்கிறார். கூடத்தில் விசும்பல் கேட்கிறது, காணிக்கை உயர்கிறது. நல்ல நோக்கம், ஐயமில்லை. ஆனால் அந்தப் பாட்டி என்ன சொன்னார் என்று யாராவது கேட்டார்களா? ஒருவேளை அவருக்கு அன்று காலை சாப்பிட்ட இட்லியைப் பற்றிச் சொல்ல ஏதேனும் இருந்திருக்கலாம். அவருடைய மகன் அந்தப் படத்தைப் பார்க்க நேரிட்டால்? ‘அலுவலகம்’ எழுத்தருக்கு இழைத்ததை நாம் நம் ஏழைகளுக்கே இழைத்துவிடக் கூடாதல்லவா? திறமையற்ற படம் இத்தீங்கைச் செய்வதில்லை. உத்தியைக் கற்றுத் தேறிய பிள்ளையின் படமே செய்கிறது. ஆகவேதான் இம்மாணவப் படங்களை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்கிறோம். ஒருமுறை ஒலியை அடைத்துவிட்டும், மறுமுறை திரையை மறைத்துவிட்டும் ‘அலுவலகம்’ படத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்டலாம். திரையை மறைத்துக் கேட்கும்போது எழுத்தரின் குரலில் கடுமையைவிடச் சலிப்பே மிகுதி என்பது தெரியவரும்.

‘தெக்கலோக்’ எட்டாம் படம் மேற்சொன்ன எட்டாம் கட்டளைக்கே உரியது. வார்சா பல்கலைக்கழகத்தில் அறவியல் கற்பிக்கும் மூதாட்டி சோபியா. அவருடைய வகுப்புக்கு அமெரிக்காவிலிருந்து எல்ஸ்பியேத்தா என்ற பெண் வருகிறார். வகுப்பில் ஒரு கதை சொல்கிறார். 1943ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு யூதச் சிறுமியை மறைத்து வைக்க ஒரு குடும்பம் இசைகிறது. ஆனால் அவளுக்குத் திருமுழுக்குச் சான்று வேண்டும். ஞானப்பெற்றோராக இசைந்திருந்த கத்தோலிக்கத் தம்பதியர் கடைசி நேரத்தில் மறுத்துவிடுகின்றனர். தாங்கள் வழிபடும் கடவுளுக்கு எதிராகப் பொய்ச் சான்று சொல்ல இயலாது என்பது அவர்கள் கூறிய காரணம். சிறுமி ஊரடங்கு நேரத்தில் தெருவுக்கு அனுப்பப்படுகிறாள்.

இக்கதை சொல்லப்படும்போது கேமரா சோபியாவின் முகத்திற்கு வருகிறது. குரல் எல்ஸ்பியேத்தாவினுடையது, முகம் சோபியாவினுடையது. கட்டளையைக் காட்டி மறுத்த பெண் இவரே, தெருவுக்கு அனுப்பப்பட்ட சிறுமி அவரே என்று யாரும் சொல்வதற்கு முன்பே நாம் அறிந்துகொள்கிறோம். 1966ஆம் ஆண்டு ஓய்வூதிய அலுவலகத்தில் கற்ற அதே உத்திதான் இது. ஆனால் இங்கே குரலுக்கு உரியவர் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசுகிறார். முகத்திற்கு உரியவர் அந்தக் குரல் தன்னைப் பற்றியதென அறிந்துதான் கேட்கிறார். பின்னர் அவருக்குப் பதில் சொல்லவும் இடம் கிடைக்கிறது: அக்குடும்பம் கெஸ்டாபோவின் கையாள் என்று அப்போது வந்த செய்தியும், அது பொய்யென்று பிறகு தெரிந்ததும் அவர் வாயாலேயே வெளிவருகின்றன. எழுத்தருக்கு அந்த ஆறு நிமிடத்தில் கிடைக்காத இடம் அது.